சென்னை–சிங்கப்பூர் விமானம்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடலாம்

முதல்முறை விமானம் ஏறப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம் ஆகும்?" கேட்பதற்கு ஒரே வரி. பதில் தேடப் போனால்தான் குழப்பம். சென்னை–சிங்கப்பூர் என்று கைபேசியில் தட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் 2,924 என்று இருக்கும், இன்னோர் இடத்தில் 1,817, வேறோர் இடத்தில் 1,579. நேரமும் அப்படித்தான். மூன்றரை மணி என்பார் ஒருவர், நாலரை என்பார் இன்னொருவர். டிக்கெட்டைப் பார்த்தால் இரவு 11.15-க்குக் கிளம்பி, காலை 6.10-க்கு இறங்குகிறது. விரல்விட்டு எண்ணினால் ஏழு மணி நேரம் வருகிறது.

இவற்றில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான பதில். எது எதற்கு உரியது என்று பிடிபட்டுவிட்டால், எந்த இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நம்மவர்கள் அதிகம் போய்வரும் தடம் என்பதால் சென்னை–சிங்கப்பூரையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஊரைவிட விமான நிலையம் முக்கியம்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. சென்னைக்கு எம்.ஏ.ஏ., மதராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம். சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்.ஐ.என். திருச்சிக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. கடைசி ஓர் எழுத்து மாறினால் மாநிலமே மாறிவிடும். லண்டன், டோக்கியோ போன்ற ஊர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்கள் இருக்கின்றன. ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் எதிலிருந்து கணக்கிடப்பட்டது என்றே தெரியாது. அதனால் முதலில் இரண்டு குறியீடுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கடைசிவரை வேண்டும்.

படி 2: தூரத்தைக் கணக்கிடுதல்

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கிய படம் அது. துருவத்தை நோக்கிப் போகப்போக எல்லாம் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். பிள்ளைகள் வைத்திருக்கும் பூமி உருண்டை கிடைத்தால் ஒரு நூலை எடுங்கள். ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் பசிபிக் கடலின் நடுவே போகாது. வடக்கே ஏறி, சைபீரியாவின் கிழக்குக் கோடியையும் அலாஸ்காவையும் தொட்டுக்கொண்டு இறங்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி அதுதான். அதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். விமானத் தூரம் என்று தளங்கள் காட்டுவது இந்த நூலின் நீளத்தைத்தான்.

சென்னையும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்த வளைவு அவ்வளவாகத் தெரியாது. அதனால் பள்ளிக்கூடக் கணக்கே போதும். செய்து பார்ப்போம்.

சென்னை விமான நிலையம் 12.99 பாகை வடக்கு, 80.17 பாகை கிழக்கு. சாங்கி 1.36 பாகை வடக்கு, 103.99 பாகை கிழக்கு. வடக்கு–தெற்காக வித்தியாசம் 11.63 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர், பெருக்கினால் 1,291. கிழக்கு–மேற்காக வித்தியாசம் 23.82 பாகை, 111-ஆல் பெருக்கினால் 2,644. ஆனால் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கி வருகின்றன. அதற்காக இரண்டு இடங்களின் சராசரி அட்சமான 7.18 பாகையின் கொசைன் மதிப்பு 0.992-ஆல் இதைப் பெருக்க வேண்டும். 2,623 வரும். இனி பிதாகரஸ் தேற்றம். 1,291-இன் வர்க்கத்தையும் 2,623-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,923 கிலோமீட்டர் கிடைக்கிறது.

பூமியை உருண்டையாகவே வைத்துப் போடும் முழுச் சூத்திரம் தருவது 2,924. கைக்கணக்குக்கும் அதற்கும் ஒரே ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் லண்டன், அமெரிக்கா போன்ற தொலைதூரங்களுக்கு இந்தக் குறுக்குவழி ஒத்துவராது. அங்கே கிரேட் சர்க்கிள் மேப்பர் போன்ற தளத்தில் இரண்டு குறியீடுகளையும் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, 1,817-உம் 1,579-உம் எங்கிருந்து வந்தன? அதே தூரம்தான். முதலாவது சாதாரண மைல் (1.609 கி.மீ.), இரண்டாவது கடல்மைல் (1.852 கி.மீ.). விமானிகளும் மாலுமிகளும் கடல்மைலில்தான் பேசுவார்கள். அட்சத்தில் ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு கடல்மைல். அறுபதை 1.852-ஆல் பெருக்குங்கள், நாம் மேலே பயன்படுத்திய 111 வந்துவிடும்.

இந்தத் தூரம் எதன்மேல் போகிறது என்றும் ஒருமுறை பாருங்கள். வங்காள விரிகுடாவைத் தாண்டி, பாதி வழிக்குச் சற்றுப் பின் நிக்கோபார் தீவுகளின் தென்முனை, அப்புறம் சுமத்ராவின் வடமுனையான ஆச்சே, அதன்பின் மலாக்கா நீரிணை. ஆயிரம் வருடத்துக்கு முன் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இந்த நிக்கோபார்தான், இலாமுரி தேசம் இந்த ஆச்சேதான். சன்னலோர இருக்கை கிடைத்தால் தூங்காமல் பாருங்கள் என்று பகல் விமானத்தில் போகிறவர்களிடம் நான் சொல்வது அதனால்தான்.

படி 3: தூரத்தைப் பறக்கும் நேரமாக மாற்றுதல்

பயணிகள் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 830 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நடுவாக 850 என்று வைத்துக்கொள்வோம். 2,924-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம். "மூன்றரை மணி நேரம்தான்" என்று சொல்பவர் இந்தக் கணக்கைச் சொல்கிறார்.

சென்னை–யாழ்ப்பாணம் போன்ற குட்டித் தடங்களுக்கு இந்த 850-ஐப் போட்டுவிடாதீர்கள். தூரம் சுமார் 356 கிலோமீட்டர்தான். அங்கே பறப்பவை ஏ.டி.ஆர். 72 வகை, காற்றாடி வைத்த விமானங்கள். வேகம் மணிக்கு 500-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

அடுத்து காற்று. விமானத்தின் வேகம் என்பது அதைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தால் தரையிலிருந்து பார்க்கும் வேகம் மாறிவிடும். மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் 850 என்பது 800 ஆகிறது. பயணம் 3 மணி 39 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 15 நிமிடம். போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது வேறு நேரம் காட்டுவது இதனால்தான்.

நம் தடத்தில் இது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தரையில் காற்று மேற்கிலிருந்து அடித்தாலும், விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும் கிழக்கிலிருந்து பலமான காற்று வீசுகிறது. அதைக் கீழைத்தாரை என்பார்கள். இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958-இல் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. அந்தத் தாரை ஏறக்குறைய நம் சென்னையின் அட்சத்தை ஒட்டியே ஓடுகிறது. அதனால் ஜூலை, ஆகஸ்ட்டில் சிங்கப்பூருக்குப் போகும்போது எதிர்க்காற்றையும் திரும்பும்போது துணைக்காற்றையும் எதிர்பார்க்கலாம். ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் மேற்கிலிருந்து வீசும் தாரைதான் ஆட்சி செய்கிறது. அங்கே மேற்கு நோக்கிப் போகும் பயணமே நீளும்.

நூல் காட்டும் வழியில் எப்போதும் போக முடிவதும் இல்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு 13 மணி நேரம் பிடித்தது. தூரக் கணக்கு ஒரு இம்மியும் மாறவில்லை. பழைய கட்டுரையில் படித்த நேரத்தை நம்பாமல், ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்களாக எவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது என்று பார்ப்பதே நல்லது.

படி 4: டிக்கெட்டில் இருக்கும் நேரம்

டிக்கெட்டில் 11.15 என்று இருந்தால் அது விமானம் மேலெழும் நேரம் இல்லை. நின்ற இடத்தைவிட்டு நகரும் நேரம். இறங்கும் நேரமும் அப்படியே. சக்கரம் தரையைத் தொடும் நேரம் அல்ல, வாயிலில் வந்து நிற்கும் நேரம். இடையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். இதற்கெல்லாம் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை கூட்டிக்கொள்ளுங்கள். தாமதம் வந்தால் சமாளிக்க நிறுவனங்கள் இன்னும் கொஞ்சம் நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடும். நம் 3 மணி 26 நிமிடம் டிக்கெட்டில் 4 மணி 25 நிமிடமாக நிற்பது இப்படித்தான். சில நாட்களில் "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பதும் இந்தக் கூடுதலால்தான்.

படி 5: இரண்டு கடிகாரங்கள்

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. இதைச் சொல்லாமல் விட்டால் பெரியவர்கள் பயந்துவிடுகிறார்கள், "ஏழு மணி நேரம் உட்கார்ந்தே போகணுமா?" என்று.

உலகப் பொது நேரத்துக்கு இந்தியா ஐந்தரை மணி முன்னால், சிங்கப்பூர் எட்டு மணி முன்னால். கிளம்பும் இரவு 11.15-இலிருந்து ஐந்தரையைக் கழித்தால் பொது நேரம் மாலை 5.45. இறங்கும் காலை 6.10-இலிருந்து எட்டைக் கழித்தால் முந்தைய இரவு 10.10. இரண்டுக்கும் இடையே 4 மணி 25 நிமிடம். எந்த இரண்டு ஊருக்கும் இப்படி இரண்டையும் பொது நேரத்துக்குக் கொண்டுவந்து கழிப்பதுதான் பிசகாத வழி. இங்கிலாந்து போன்ற நாடுகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மார்ச் கடைசி ஞாயிற்றிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். லண்டனோடு நம் வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. இலங்கையும் 2006-லிருந்து நம் நேரத்திலேயே இருக்கிறது.

சிங்கப்பூர் 1982 தொடக்கத்தில்தான் தன் கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளி இந்த எட்டு மணிக் கணக்குக்கு வந்தது. சூரியன் அதற்கேற்ப மாறவில்லை. அங்கே பொழுது விடிவது ஏழு மணியை ஒட்டித்தான். ஆகவே காலை 6.10-க்கு இறங்கும் உங்கள் அம்மா சன்னல் வழியே பார்த்தால் இருட்டாகத்தான் இருக்கும்; அவர் உடம்புக்கு அப்போது விடிகாலை 3.40. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள், எந்தக் கடிகாரப்படி போட வேண்டும் என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

படி 6: நள்ளிரவு தேதி

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

என் பெரியம்மா முதல்முறையாகச் சிங்கப்பூர் போகவிருந்தார். டிக்கெட்டில் 17ஆம் தேதி, 00.40 என்று இருந்தது. 17ஆம் தேதி ராத்திரிதானே என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அன்று சாயங்காலம் பெட்டியைத் தராசில் வைத்து இரண்டு தடவை நிறுத்தோம். முறுக்கு டின்னைப் பழைய புடவையில் சுற்றி நடுவில் வைத்தோம். எட்டு மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்பி, மீனம்பாக்கத்தில் வாசலில் நின்ற காவலரிடம் தாளை நீட்டினோம். அவர் அதைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். "அம்மா, இது நேத்து ராத்திரியே போயிடுச்சே" என்றார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. வண்டியில் திரும்பும்போது, "பேரன் ஏர்போர்ட்டுல வந்து நின்னிருப்பானே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

தேதி நள்ளிரவு 12 மணிக்கு மாறுகிறது. 17ஆம் தேதி 00.40 என்றால் 16ஆம் தேதி இரவு உணவுக்குப் பின் வரும் நள்ளிரவு. வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 16ஆம் தேதி மாலை. சென்னையிலிருந்து போகும் வெளிநாட்டு விமானங்களில் நிறைய நள்ளிரவை ஒட்டித்தான் இருக்கின்றன. அதனால் டிக்கெட்டில் நேரம் 00-இல் தொடங்கி 04 வரை எதுவாக இருந்தாலும், தாளில் "வீட்டிலிருந்து கிளம்புவது: 16, திங்கள், மாலை 7" என்பதுபோலக் கிழமையோடு எழுதுங்கள். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று போட்டிருந்தால், மறுநாள் என்று பொருள்.

படி 7: இடையில் இறங்கி மாறும் பயணம்

தூரத்தைப் பார்த்து நேரத்தை ஊகிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சென்னையிலிருந்து கோலாலம்பூர் 2,629 கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூர் 297. கூட்டினால் 2,926. நேரடித் தூரம் 2,924. கோலாலம்பூர் கிட்டத்தட்ட நேர்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சுற்றிப் போவதே இல்லை. ஆனால் பயணம் எட்டு மணி, பத்து மணி என்று நீளும். இரண்டு முறை ஏறி இறங்குவதும், நடுவில் காத்திருப்பதும் சேர்ந்துகொள்கின்றன.

டிக்கெட் மலிவாக இருந்தால் இதைத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. எடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இரண்டு விமானமும் ஒரே முன்பதிவில் இருக்கின்றனவா, தனித்தனி டிக்கெட்டா? தனித்தனி என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அந்த நஷ்டம் உங்களுடையதுதான். பெட்டியை எடுத்து மறுபடி போடவும், அதற்காக அந்த நாட்டுக்குள் நுழையவும் வேண்டியிருக்கலாம். தனியாகப் போகும் பெரியவர்களுக்கு, கூடுதலாகப் பணம் கொடுத்தாவது நேரடி விமானமே போடுங்கள் என்பேன்.

படி 8: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

விமான நேரம் முழுப் பயணத்தில் ஒரு பகுதிதான். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடும். சென்னையில் திரிசூலம் புறநகர் ரயில் நிலையம் எதிரிலேயே இருக்கிறது, மெட்ரோவும் வாசல் வரை வருகிறது. பெட்டி சின்னதாக இருந்தால் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் மாட்டிக்கொள்வதைவிட ரயில் உத்தமம்.

தஞ்சாவூரிலிருந்து கிளம்புகிறவருக்குக் கணக்குப் போடுவோம். சென்னை வழியாகப் போனால் சாலையில் ஆறேழு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, விமானத்தில் நாலரை, இறங்கி வெளியே வர ஒரு மணி: ஏறக்குறைய பதினைந்து மணி ஆகிறது. திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. திருச்சி–சாங்கி தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர், அதாவது சென்னையைவிட ஏறக்குறைய 56 கிலோமீட்டர் அதிகம். ஆகாயத்தில் அது நாலே நிமிடம். தரையிலோ சாலைப் பயணம் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். மொத்தம் பத்து மணி. டெல்டாக்காரர்கள் டிக்கெட் விலை சில நூறு ரூபாய் குறைவு என்று சென்னைக்கு ஓடிவருவதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லத் தோன்றும்.

இறங்குகிற இடத்திலும் நேரம் ஒதுக்குங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய எஸ்.ஜி. வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளோடு முடியும் மூன்று நாட்களுக்குள் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. இதை வீட்டிலேயே முடித்துவிட்டால் அங்கே குடிநுழைவு வரிசையில் தடுமாற வேண்டியதில்லை.

கடைசியாக, கூட்டிவரப் போகும் பிள்ளைகளுக்கு. சாங்கியில் நான்கு முனையங்கள். எந்த முனையம் என்பதை அன்று காலையிலேயே விமான எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவது முனையத்துக்கு நேரடியாக எம்.ஆர்.டி. என்ற நகர ரயில் கிடையாது, பேருந்து மாறிப் போக வேண்டும். 6.10-க்கு வரும் விமானத்துக்கு 6.10-க்கே போய் நின்று கவலைப்பட வேண்டாம். நடந்து வந்து, வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணியோ ஒரு மணியோ ஆகும். ஆனால் ஏழு மணிக்குள் வருகைக் கூடத்தில் இருந்துவிடுங்கள். அம்மாவின் கைபேசியில் அங்குள்ள இணைப்பு வேலை செய்யாமல் போகலாம். கதவு திறந்ததும் அவர் தேடுவது உங்கள் முகத்தைத்தான்.